அடித்தண்டில் ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள்

டர்பன் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு அவகாடோ, மா, மக்கடாமியா (ஒரு கொட்டை மரம்) கன்று வாங்கப் போனால், முதலில் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணுக்கு ஒரு சாண் மேலே, சாய்ந்த கோடாகவோ லேசான முண்டாகவோ ஒட்டுத் தழும்பு, அதாவது விதைக்கன்றில் வேறு மரத்துக் கொப்பை ஒட்டிய அடையாளம், இருக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். ஒட்டிய கொப்பு, நல்ல காய் தந்த மரத்திலிருந்து வெட்டியது. அதனால் அதே ருசி வரும், 3 முதல் 5 வருடத்தில் காய்க்கவும் தொடங்கும். விதைக்கன்று மலிவுதான், ஆனால் அவகாடோவானால் ஏழெட்டு வருடம் காக்க வைத்துவிட்டு வேறு ஏதோ காயைத் தரும். அப்புறம், தழும்புக்குக் கீழே துளிர்ப்பது ஒட்டிய கொப்பு அல்ல, அடியிலுள்ள விதைக்கன்று; அதை உடனே கிள்ளிவிடுங்கள்.

லிச்சிக்கு இது பொருந்தாது. அது பெரும்பாலும் பதியன் போட்ட (மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டியெடுத்த) கன்று, ஒட்டுத் தழும்பு இருக்காது. பப்பாளிக்கு விதையே போதும்.