வீடு கட்டித் தரும் ஆர்க்கிடெக்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஃபீஸ் முதல் கடைசி வரைபடம் வரை

சொந்தமாக அலுவலகம் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் மூடிவிட்டு மாதச் சம்பளத்துக்குத் திரும்பும் ஆர்க்கிடெக்டுகளில் பெரும்பாலோருக்கு டிசைன் நன்றாகவே வரும். என்னென்ன வேலை செய்வோம், எத்தனை முறை மாற்றித் தருவோம், யார் சொன்னால் மாற்றுவோம், பணம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை எழுதி வைக்காமல் போவதில்தான் அடிபடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1,500 முதல் 4,000 சதுர அடி வரையிலான தனி வீடுகளை எடுத்துச் செய்யும், இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள அலுவலகங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஃபீஸ் சொல்லும் முன் மணிக்கணக்கு போடாதது

"பக்கத்து ஆபீஸில் 5 சதவீதம் வாங்குகிறார்கள், நாமும் அதையே சொல்வோம்" என்று தொடங்குவதுதான் முதல் தவறு. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,800 ரூபாய் என்றால் கட்டுமானச் செலவு 56 லட்சம். 5 சதவீத ஃபீஸ் 2,80,000 ரூபாய். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குச் சதுர அடிக்கு 20 ரூபாய் வீதம் 40,000 கொடுத்தால் மீதி 2,40,000.

இனி வேலை நேரம். டிசைனுக்கு 60 மணி, அனுமதி வரைபடங்களுக்கு 30, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு சரிபார்க்க 20, கட்டுமான வரைபடங்களுக்கு 140. போகவர நேரமும் சேர்த்து ஒரு சைட் விசிட்டுக்கு 4 மணி என்றால் 30 விசிட்டுக்கு 120. போன், வாட்ஸ்அப், நேர்ச் சந்திப்புகளுக்கு 60. மொத்தம் 430 மணி. ஆக, ஒரு மணி வேலைக்குக் கைக்கு வருவது சுமார் 558 ரூபாய்.

அலுவலகச் செலவை இதன் பக்கத்தில் வையுங்கள். வாடகை, இரண்டு ஜூனியர்களின் சம்பளம், சாஃப்ட்வேர், பெட்ரோல் எல்லாம் மாதம் 1,20,000, உங்களுக்கென்று 60,000. மூன்று பேர் மாதம் 24 நாள் 8 மணி நேரம் உழைத்தால் 576 மணி. அதில் ஃபீஸாக மாறக்கூடிய வேலை 60 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதாவது சுமார் 345 மணி. மணிக்கு உங்கள் அடக்கவிலை ஏறக்குறைய 522 ரூபாய். 558-க்கும் 522-க்கும் நடுவே இருக்கும் 36 ரூபாய்தான் லாபம். வீட்டுக்காரர் கேட்டதற்காகக் கூடுதலாக 60 மணி நேரம் மாற்றங்கள் செய்து கொடுத்தால் மொத்தம் 490 மணி ஆகி, வரவு மணிக்கு 490 ரூபாய்க்கு இறங்கிவிடும். அங்கிருந்து ஒவ்வொரு மணியும் நஷ்டம். இந்தக் கணக்கை உங்கள் ஊர்ச் செலவுகளை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கு முன் எவருக்கும் ஃபீஸ் சொல்லாதீர்கள்.

சதவீத ஃபீஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிரானைட்டையும் தேக்கு நிலையையும் வீட்டுக்காரரே நேரில் வாங்கினால் அந்தச் செலவு உங்கள் கணக்குக்கு வராது. மாறாக, செலவு ஏறினால் "உங்கள் ஃபீஸுக்காகத்தானே ஏற்றினீர்கள்" என்ற சந்தேகம் வரும். டிசைனுக்கும் வரைபடங்களுக்கும் மொத்தமாக ஒரு தொகை, சைட் விசிட்டுக்குத் தனித் தொகை என்று பிரிப்பது தனி வீடுகளுக்கு நேர்மையான முறை.

ஜிஎஸ்டியை மறந்துவிட்டு ஃபீஸ் சொல்வது அடிக்கடி நடக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆர்க்கிடெக்ட் சேவைக்கு வரி 18 சதவீதம். "வரி தனி" என்று எழுதாமல் 2,80,000 என்று பேசி முடித்தால், வீட்டுக்காரர் அதை வரியும் சேர்ந்த தொகையாகவே எடுத்துக்கொள்வார். உங்களுக்கு மிஞ்சுவது 2,37,288. முன்பணம் வாங்கும்போதே வரிப் பொறுப்பு தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கையெழுத்துக்கு முன்பே பிளான் கொடுப்பது

"ஒரு ஐடியா மட்டும் கொடுங்க சார், பிடிச்சிருந்தா பேசிக்கலாம்." இதற்கு இணங்கி பிளானும் முப்பரிமாணப் படமும் கொடுத்துவிட்டால், உங்கள் வேலையின் மிக மதிப்புள்ள பகுதி கைவிட்டுப் போய்விட்டது. அந்த பிடிஎஃப் மறுநாளே ஒரு காண்ட்ராக்டரிடம் போகும். அவர் "பிளானுக்குத் தனியாகக் காசு வேண்டாம், நானே கட்டித் தருகிறேன்" என்பார். முதல் சந்திப்பில் மனையைப் பாருங்கள், தேவைகளைக் கேளுங்கள், முன்பு செய்த வீடுகளைக் காட்டுங்கள். அதற்கு மேல் ஒரு கோடு போடுவதானாலும் ஒப்பந்தமும் 10 சதவீத முன்பணமும் வந்த பிறகுதான். ஆர்க்கிடெக்டுகளின் தொழில் நடத்தை பற்றிய 1989-ம் ஆண்டு விதிமுறைகளும், வேலை நிபந்தனைகளையும் கட்டணத்தையும் வீட்டுக்காரரிடம் சொல்லி, அதன் அடிப்படையிலேயே வேலையை ஏற்க வேண்டும் என்கின்றன.

அந்த முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முடிவு எடுப்பவர் யார்? மகன் பெங்களூரில் இருந்து பேசுவார், அப்பா சைட்டில் நிற்பார், பிளானை வாஸ்துக்காரர் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்வார். இந்த மூவரும் வெவ்வேறு கட்டங்களில் நுழைந்தால் மூன்று முறை முதலிலிருந்து வரைய வேண்டிவரும். வாஸ்து பார்ப்பவர் யார், அவர் எப்போது பார்ப்பார் என்று கேட்டு, முதல் ஸ்கெட்ச் கட்டத்திலேயே அவரிடம் காட்டச் சொல்லுங்கள். தூண்களுக்கு (காலம்) இடம் குறிக்கும் மார்க்கிங் முடிந்த பிறகு சமையலறை தென்கிழக்குக்கு நகர்ந்தால் பீம், பைப் லைன், படிக்கட்டு எல்லாமே நகரும். "பிளான் உறுதியானது" என்று ஒரு தாளில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதன் பிறகு வரும் மாற்றத்துக்கு மணிக்கு இத்தனை ரூபாய் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

தவணைகளைக் கட்டட வேகத்தோடு மட்டும் கட்டிவைப்பது

தவணைகளை இப்படிப் பிரிக்கலாம். கையெழுத்தின்போது 10 சதவீதம், பிளான் உறுதியானதும் 15, அனுமதிக்கான வரைபடங்கள் தந்ததும் 10, கட்டுமான வரைபடங்களுக்கு 35, சைட் கட்டத்துக்கு 25, முடிவில் 5. கட்டுமான வரைபடங்களுக்கான 35-ஐயும் மூன்றாக உடைக்க வேண்டும்: அஸ்திவாரத் தொகுப்பு, ரூஃப் வரையிலான தொகுப்பு, ஃபினிஷிங் தொகுப்பு. முந்தைய தவணை வந்த பிறகே அடுத்த தொகுப்பு போக வேண்டும்.

சைட் கட்டத்தின் 25 சதவீதத்தில்தான் பலரும் சிக்குகிறார்கள். "ரூஃப் முடிந்ததும் 10, பூச்சு முடிந்ததும் 10" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். வீட்டுக்காரரின் கையில் காசு தீர்ந்து ரூஃப் போட்ட கையோடு வேலை எட்டு மாதம் நின்றால் உங்கள் வரவும் நின்றுவிடும். போன் அழைப்புகள் நிற்காது. "ரூஃப் முடிந்ததும், அல்லது வேலை தொடங்கி 7 மாதம் ஆனதும், எது முந்தியோ அது" என்று எழுதுங்கள். 14 மாதத்துக்கு மேல் வேலை நீண்டால் மாதக் கட்டணம் இவ்வளவு என்ற வரியும் சேரட்டும்.

"சதுர அடி என்ன ரேட்?"

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாத ஆர்க்கிடெக்ட் குறைவு. 2,800 என்று நீங்கள் சொன்னதும் வீட்டுக்காரர் 2,000-ஆல் பெருக்கி 56 லட்சத்துக்கு வங்கிக் கடன் போட்டுவிடுவார். காண்ட்ராக்டரின் கொட்டேஷனில் ஹெட்ரூமும் (மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் வரும் அறை) போர்ட்டிகோவும் தனியாக இருக்கும், காம்பவுண்ட் சுவர் நீளத்தில் ஓர் அடிக்கு இவ்வளவு என்றிருக்கும், சம்ப்பும் செப்டிக் டேங்கும் லிட்டர் கணக்கில் வரும். போர்வெல், மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம், கேட், மாடுலர் கிச்சன் ஆகியவை அதில் இருக்கவே இருக்காது. கடைசியில் 56 லட்சம் 68 ஆகி நிற்கும்போது முதலில் எண்ணைச் சொன்ன உங்களைத்தான் கேட்பார்கள். எதெல்லாம் சேரும், எதெல்லாம் சேராது என்று ஒரு பக்கப் பட்டியல் இல்லாமல் ரேட் சொல்ல வேண்டாம்.

வரைபடத்தில் பூச்சையும் டைல்ஸையும் மறப்பது

செங்கல் அளவையே முடிந்த அளவாக எண்ணி வரைவது புதியவர்களின் அலுவலகங்களில் தொடர்ந்து நடக்கிறது. ஷவர் பகுதிக்குச் சுவரிலிருந்து சுவர் 900 மிமீ என்று போட்டால், இரு பக்கமும் பூச்சும் டைல்ஸும் அதன் கலவையும் சேர்ந்து தலா 30 மிமீ தின்றுவிடும், மிஞ்சுவது 840. ஆயத்தமாக வரும் கண்ணாடிக் கதவு அங்கே உட்காராது.

படிக்கட்டில் இதே தவறு ஆபத்தாகிறது. கான்கிரீட் படிகள் எல்லாம் சரியாக 150 மிமீ உயரம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 75 மிமீ ஏறும். படியின் மேல் கிரானைட் கலவையோடு 35 மிமீதான் ஏறும். மேல்தளத்தில் 50 மிமீ. வேலை முடிந்த பிறகு முதல் படியின் உயரம் 110, நடுவில் உள்ளவை 150, கடைசிப் படி 165. இறங்கும்போது கால் 150-க்குப் பழகிவிடும். கடைசி அடி முன்கூட்டியே தரையில் இடிக்கும். வயதானவர்கள் விழுவது இப்படிப்பட்ட படிகளில்தான். சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு) அடிக்கும் முன்பே, முடிந்த தரை மட்டத்திலிருந்து கணக்கிட்டு, கான்கிரீட்டில் முதல் படியை 190 மிமீ, கடைசிப் படியை 135 மிமீ என்று வரைபடத்தில் எழுத வேண்டும். "எல்லாப் படியும் 150" என்று மட்டும் எழுதினால் சென்ட்ரிங்காரர் அதையே செய்வார். தவறு அவருடையது அல்ல.

அடுத்தது பழைய தாள். வாட்ஸ்அப்பில் நீங்கள் புது பிடிஎஃப் அனுப்பியிருப்பீர்கள். மேஸ்திரி சட்டைப்பையில் இருப்பது போன மாதத்துப் பிரிண்ட். ஒவ்வொரு வரைபடத்திலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். மாறிய இடத்தை மேகக் கோடு போட்டு வளைத்துக் காட்ட வேண்டும். புதியதைக் கொடுக்கும் நாளில் பழைய தாளைத் திருப்பி வாங்கி, "ரத்து" என்று குறுக்கே எழுதிக் கிழிக்க வேண்டும். எந்தத் தாள், எந்தத் திருத்தம், யார் கையில், எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு நோட்டு போதும். சுவர் இடிக்கும் செலவு யாருடையது என்ற சண்டை வரும் நாளில் அந்த நோட்டுதான் பேசும்.

சைட்டில் வாய்மொழி உத்தரவு

சைட்டுக்குக் கார்பன் தாள் வைத்த ஒரு உத்தரவுப் புத்தகம் வாங்கி வையுங்கள். நீங்கள் சொன்னது, வீட்டுக்காரர் நேரடியாக மேஸ்திரியிடம் சொல்லி மாற்றியது, இரண்டும் அதில் ஏறட்டும். மூவரும் கையெழுத்துப் போடட்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பொறுப்பு "குறிப்பிட்ட கட்டங்களில் பார்வையிடுதல்" என்று இருக்க வேண்டும். "மேற்பார்வை" என்று மொட்டையாக எழுதினால், ஞாயிற்றுக்கிழமை கலவையில் தண்ணீர் கூடியதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டாயம் போக வேண்டிய நாட்களைப் பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள்: மார்க்கிங், குழி பார்த்தல், ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) கம்பி, பிளின்த் பீம் (தரை மட்டத்தில் ஓடும் பீம்), ரூஃப் கம்பியோடு மின் குழாய்கள், கழிப்பறைத் தண்ணீர்ச் சோதனை. மின் குழாய் போட்ட ரூஃபைப் பார்க்காமல் கான்கிரீட் போட அனுமதித்தால் அடுத்த ஒரு மாதம் சுவரை வெட்டுவதிலேயே போகும்.

அனுமதி வரைபடம் ஒன்று, கட்டுவது வேறு

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. 2024 ஜூலையில், விதிப்படியே கட்டுகிறோம் என்று விண்ணப்பிப்பவரே உறுதி தரும் சுயசான்று முறை தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று எண்ணி, 1.5 மீட்டர் பக்க இடைவெளி காட்டிவிட்டு சைட்டில் 0.9 மீட்டர் விடுவது இப்போது முன்னைவிட ஆபத்து. கட்டடம் முடிந்ததற்கான முடிவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகளும், கட்டடத்தை அடமானமாக வைத்துக் கேட்கும் வங்கிக் கடனும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் வரையாத, போய்ப் பார்க்காத கட்டடத்துக்குக் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவதை எந்தத் தொகைக்கும் ஏற்காதீர்கள்.

கமிஷன், பெயர்ப்பலகை, காப்பீடு

டைல்ஸ் கடைக்காரரும் மாடுலர் கிச்சன்காரரும் தரும் பங்கை வாங்கினால், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பொருளையும் வீட்டுக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பார். விலைக்குறைப்பு கிடைத்தால் அது அவர் பில்லில் கழியட்டும். தொழில் விளம்பரத்துக்கும் 1989 விதிமுறைகளில் கட்டுப்பாடு உண்டு; சைட்டில் உங்கள் பெயரை வைக்கலாம், எழுத்து 10 செமீ உயரத்துக்கு மேல் போகக் கூடாது. 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவு பெறாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. கூட்டாளியைச் சேர்க்கும் முன் அவர் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேலையில் நேர்ந்த தவறுக்கு இழப்பீடு கேட்டால் கைகொடுக்கும் தொழில் பொறுப்புக் காப்பீட்டில் பலருக்கும் தெரியாத ஒன்று: வழக்கு வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். வீடு கட்டிய ஆண்டில் பிரீமியம் கட்டிவிட்டு அடுத்த ஆண்டு நிறுத்தினால், மூன்றாம் ஆண்டில் வரும் ஒழுகலுக்குப் பயன் இல்லை.

பாதியில் பிரிவதற்கு வழி எழுதாதது

சில வேலைகள் நடுவில் முறியும். அதுவரை முடிந்த கட்டங்களின் ஃபீஸ், நடந்துகொண்டிருக்கும் கட்டத்தில் செலவான மணிகள், 15 நாள் நோட்டீஸ், வரைபடங்களை யார் எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்ற நான்கும் ஒப்பந்தத்தில் இருந்தால் பிரிவு ஒரு வாரத்தில் முடியும். அதேபோல், வேறொருவர் பாதியில் விட்ட வேலை உங்களிடம் வந்தால் அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை. பாக்கி தீர்ந்ததா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்; கட்டி முடிந்த ஃபுட்டிங்கையும் காலம் கம்பியையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துச் சோதித்து, எந்த மட்டத்திலிருந்து உங்கள் பொறுப்பு தொடங்குகிறது என்பதைப் புகைப்படங்களோடு புது ஒப்பந்தத்தில் இணையுங்கள்.