எத்தியோப்பிய வரலாறு: அரியணையின் கதையை மக்களின் கதையாக்கும் தவறுகள்

சாலமோன் அரசரும் சேபா நாட்டு அரசியும், அக்சுமின் கல்தூண்கள், லாலிபெலாவின் குடைவரைத் தேவாலயங்கள், அட்வா வெற்றி, கடைசிப் பேரரசர் ஹைலே செலாசி, பிறகு பஞ்சம். எத்தியோப்பியாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகின்றன. வடக்கு மலைநாட்டின் அரண்மனையில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் படும் வரிசை இது. எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் ஒரு நாட்டில், ஒரே அரியணையின் கதை எல்லோருடைய வரலாறாகவும் நின்றுவிடுகிறது. நாம் செய்யும் மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தொடக்கத்திலேயே வரும் தவறு, பழைய நூல்களில் 'எத்தியோப்பியா' என்று கண்ட இடத்தையெல்லாம் இன்றைய நாட்டோடு சேர்த்துவிடுவது. கிரேக்கர்கள் எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த கறுப்பின மக்கள் அனைவரையும் அப்படித்தான் அழைத்தார்கள். விவிலியத்தில் வரும் கூஷ் நாட்டுக்கும் கிரேக்கத்தில் அதே பெயரை இட்டார்கள். அது பெரும்பாலும் நைல் கரையிலிருந்த நூபியா, அதாவது இன்றைய சூடானின் வடபகுதி. எகிப்தை ஆண்ட தஹார்கா கூஷ் நாட்டு அரசர். அவரை எத்தியோப்பிய மன்னர் பட்டியலில் சேர்ப்பது பிழை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில், எத்தியோப்பிய மலைநாட்டின் பழைய அரசான அக்சுமின் மன்னர் எசானா படையெடுத்துச் சென்றதே இந்த நூபிய நிலத்தின் மீதுதான். 1974இல் ஹடாரில் கிடைத்த 'லூசி'யின் எலும்புகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த எச்சம் மனித குலம் முழுவதற்கும் பொதுவான முன்கதையைச் சேர்ந்தது.

மூவாயிரம் ஆண்டு அறுபடாத வம்சம்

சேபா நாட்டு அரசிக்கும் சாலமோனுக்கும் பிறந்த முதலாம் மெனெலிக்கின் வழியில் எத்தியோப்பிய மன்னர்கள் வந்தார்கள் என்பது 'கெப்ரா நகஸ்ட்' என்ற நூல் சொல்லும் கதை. பழைய தேவாலய மொழியான கீயெஸில் உள்ள அந்த நூல் 14ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. அதற்குச் சற்று முன்பு, 1270இல், யெகுனோ அம்லாக் சாக்வே வம்சத்தை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்திருந்தார். புதிதாக வந்த ஆட்சிக்குப் பழைமையான உரிமை ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தேவையை மறைத்துவிட்டு இந்தக் கதையை நடந்த வரலாறாக எழுதக் கூடாது. வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் கூடாது. 1955ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்திலேயே பேரரசரின் வம்சம் சாலமோன் வழி வந்தது என்று எழுதிவைக்கும் அளவுக்கு அதற்கு வலிமை இருந்தது.

உண்மையில் தொடர்ச்சி பலமுறை அறுந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அக்சும் தளர்ந்தது. லாலிபெலாவின் தேவாலயங்களைக் குடைந்த காலத்துச் சாக்வே அரசர்கள் கூஷிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அகவ் மக்கள். 1769 முதல் 1855 வரை, 'பிரபுக்களின் காலம்' என்று அழைக்கப்படும் ஆண்டுகளில், தலைநகர் கோண்டாரில் இருந்த பேரரசர்கள் பெயரளவுக்கே ஆண்டார்கள். அவர்களை ஆட்டுவித்தவர்களில் முன்னணியில் இருந்தது, நாட்டின் மிகப் பெரிய இனமான ஒரோமோ மரபில் வந்த யெஜ்ஜூ குடும்பம். ஒரோமோக்களை 16ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்து புகுந்தவர்களாக மட்டும் சித்திரிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைமையைக் கைமாற்றும் ஒரோமோக்களின் கடா அமைப்பு, மன்னர் இல்லாமலும் ஒரு சமூகம் தன்னை ஆண்டுகொள்ள முடியும் என்பதற்குச் சான்று. அரண்மனை ஏடுகளில் அதற்கு இடம் இல்லை.

கிறிஸ்தவத் தீவு

ஐரோப்பிய மதபோதகர்கள்தான் எத்தியோப்பியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனார்கள் என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எசானா மதம் மாறிய 4ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரும்பகுதி கிறிஸ்தவத்தை ஏற்றிருக்கவில்லை. ஆனால் இந்தப் பிழையைத் திருத்துகிறவர்கள் அடுத்த பிழையில் விழுகிறார்கள்: இஸ்லாமியக் கடல் சூழ்ந்த தனித் தீவு என்று நாட்டை வர்ணிக்கிறார்கள். மெக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களில் ஒரு குழு 615ஆம் ஆண்டளவில் அடைக்கலம் தேடி வந்தது அக்சும் மன்னரிடம்தான். ஹரார் இஸ்லாமியக் கல்வியின் பெருநகரம். 2007 கணக்கெடுப்பின்படி மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். பேட்டா இஸ்ரேல் எனப்படும் யூதர்களும், வாக்கா என்ற வான்கடவுளை வணங்கும் ஒரோமோக்களும் இதே மண்ணின் மக்கள்.

1529இல் தொடங்கிய அகமது இப்ன் இப்ராஹிமின் போரையும் அந்நியப் படையெடுப்பாகவே எழுதிவிடுகிறார்கள். அவர் தலைமை தாங்கிய அடால் சுல்தானகம் அதே நிலப்பரப்பின் கிழக்குப் பகுதி. அந்நியர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். அவருக்கு உஸ்மானியத் துருக்கியரின் துப்பாக்கிகள் உதவின. பேரரசருக்கு உதவ 1541இல் சுமார் 400 போர்த்துகீசியர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் வாஸ்கோட காமாவின் மகன் கிறிஸ்டோவாவ். அவர்களை ஏற்றிவந்த கப்பல்கள் புறப்பட்டது கோவாவிலிருந்து.

வெளியுலகம் அறியாத மலைநாடு என்ற வர்ணனையும் நிற்காது. அக்சுமின் துறைமுகமான அதுலிஸ் (இன்று எரித்திரியாவில் இருக்கிறது) தந்தத்தை ஏற்றுமதி செய்து இந்தியத் துணியையும் இரும்பையும் வாங்கியது. டெப்ரே டாமோ மடாலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குஷானர் தங்க நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அகமது நகரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்து முகலாயரை எதிர்த்து நின்ற மாலிக் அம்பர், 16ஆம் நூற்றாண்டில் இன்றைய எத்தியோப்பிய நிலத்தில் பிறந்து சிறுவயதிலேயே அடிமையாக விற்கப்பட்டவர். தக்காணத்தின் வரலாற்றில் அவருக்கு இருக்கும் இடம், பிறந்த நாட்டின் மன்னர் வரலாற்றில் இல்லை. அப்படி விற்கப்பட்டுப் பெயரே பதிவாகாமல் போனவர்கள் ஏராளம்.

அட்வாவும் தெற்கும்

அதிகக் கவனம் வேண்டிய இடம் இது. 1896 மார்ச் 1 அன்று வடக்கிலுள்ள அட்வாவில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை ஜெனரல் பராத்தியேரியின் இத்தாலியப் படையை முறியடித்தது. ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு ஐரோப்பிய நாடு தோற்று, எத்தியோப்பியாவின் சுதந்திரத்தை அதே ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் போட்டு ஏற்க நேர்ந்தது. மெக்கெலேவில் இத்தாலியக் கோட்டைக்குப் போகும் தண்ணீரைத் தடுக்க வழி சொன்னவர் பேரரசி தாய்து. அம்ஹாராக்களோடு திக்ரே மக்களும் ஒரோமோக் குதிரைப்படையும் குராகேக்களும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. உலகம் முழுவதும் கறுப்பின மக்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடியதில் முழு நியாயம் உண்டு.

ஆனால் அதே மெனெலிக்கின் படைகள் தெற்கில் செய்ததை எழுதாமல் அட்வாவை மட்டும் எழுதினால், நாட்டின் பாதிப்பேரை விட்டுவிட்டோம் என்று பொருள். 1880களில் அர்சி ஒரோமோக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார்கள். 1887இல் ஹரார் வீழ்ந்தது. 1894இல் வொலாய்த்தா பேரழிவைக் கண்டது. 1897இல் கஃபா அரசின் கடைசி மன்னர் காக்கி ஷெரோச்சோ சிறைபிடிக்கப்பட்டார். வென்ற படைவீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் குடியானவர்களே ஒதுக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பங்கள் அவர்களுக்குத் தானியமும் உழைப்பும் கொடுக்க வேண்டியிருந்தது. அடிமை முறையைச் சட்டம் முழுதாக ஒழித்தது 1942இல்தான். 1960களில் மாணவர்கள் எழுப்பிய 'உழுபவனுக்கே நிலம்' என்ற முழக்கமும், நிலத்தை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தப் பின்னணி இல்லாமல் புரியாது. அடிஸ் அபாபாவில் மெனெலிக்கின் சிலை நிற்கிறது. அர்சியில் அவருடைய படையால் சிதைக்கப்பட்டவர்களுக்கு அனோலே நினைவுச்சின்னம் நிற்கிறது. இரண்டையும் அறிந்தால்தான் இன்றைய அரசியல் சச்சரவுகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

இதை இனத்துக்கு எதிராக இனம் என்று நேர்க்கோடு போட்டுவிடவும் கூடாது. ஒரோமோ நிலங்களை மெனெலிக்குக்கு வென்று கொடுத்த தளபதி ரஸ் கோபனா ஒரோமோதான். அட்வாவில் இத்தாலியர்களுக்காகப் போரிட்டுப் பிடிபட்ட எரித்திரிய வீரர்கள் பலருக்கு வலக்கையும் இடக்காலும் வெட்டப்பட்டன. அவர்களில் பலரும் எத்தியோப்பியாவின் திக்ரே மக்களும் ஒரே மொழி பேசியவர்கள். எரித்திரியா 1890இல் இத்தாலியக் காலனியாகி, 1952இல் எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைந்து, 1962இல் முழுதாக விழுங்கப்பட்டு, 1993இல் தனி நாடானது. இந்த நான்கு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

"ஒருபோதும் ஆக்கிரமிக்கப்படாத நாடு" என்ற வாக்கியமும் அப்படியே நிற்காது. 1936 முதல் 1941 வரை இத்தாலி ஆக்கிரமித்தது. விமானங்களிலிருந்து நச்சு வாயு பொழிந்தது. 1937 பிப்ரவரி 19 அன்று இத்தாலிய ஆளுநர் கிராசியானி மீது குண்டு வீசப்பட்டதற்குப் பழிவாங்க, அடிஸ் அபாபாவில் மூன்று நாள் படுகொலை நடந்தது. விடுதலையைப் பிரிட்டனின் கொடையாகச் சொல்வதும் பிழை. 1941இல் எரித்திரியாவின் கெரென் மலைகளில் பிரிட்டனின் கீழ் இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டது உண்மை. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பிருந்தே காடுகளில் போரிட்டுக்கொண்டிருந்த 'அர்பெஞ்ஞோச்' எனும் நாட்டுப்பற்றாளர்கள் ஆக்கிரமிப்பை நிலைகொள்ள விடவில்லை என்பதும் உண்மை.

பஞ்சத்தை வானத்தின் மேல் மட்டும் பழிபோட்டு எழுதாதீர்கள். 1973இல் வொல்லோவில் மக்கள் செத்துக்கொண்டிருந்ததை ஹைலே செலாசியின் அரசு மறைத்தது. அவர் அடுத்த ஆண்டே ஆட்சியை இழந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1983 முதல் 1985 வரை லட்சக்கணக்கானோர் மாண்டபோது, ஹைலே செலாசியை அகற்றிய டெர்க் ராணுவ ஆட்சி திக்ரேயில் போர் நடத்திக்கொண்டே கிளர்ச்சியாளர் பகுதிகளுக்கு உணவு போகாமல் தடுத்தது. வடக்கின் குடும்பங்களைக் கட்டாயமாகத் தெற்கே குடியமர்த்தியது. 2020 நவம்பரில் தொடங்கி ஈராண்டு நீடித்த திக்ரே போரிலும் பட்டினி திரும்பி வந்தது.

கடைசியாகப் பெயர்களும் தேதிகளும். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப் போலவே அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் தம் பெயருக்குப் பின்னால். அதனால் பிரதமர் அபிய் அகமதுவை 'அகமது' என்று எழுதினால் அவருடைய தந்தையைக் குறிப்பதாகும். ஹைலே செலாசி ஒரே பட்டப்பெயர்; 'செலாசி' என்று பாதியாக வெட்டக் கூடாது. எத்தியோப்பிய நாள்காட்டி நாம் பயன்படுத்தும் ஆங்கில நாள்காட்டியைவிட ஏழு அல்லது எட்டு ஆண்டுகள் பின்தங்கியது, பதின்மூன்று மாதங்கள் கொண்டது. அவர்களுடைய ஏடுகளில் அட்வா போர் யெகாதித் 23, 1888 என்று இருக்கும். அந்த ஆண்டை மாற்றாமல் அப்படியே எடுத்து எழுதினால், போர் நடப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அதை நடத்திவிடுவீர்கள்.