இங்கிலாந்தில் மருந்துச் செலவு: சீட்டை நீட்டுவதற்கு முன்

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே உடல்நலக் கூடுதல் கட்டணமாக ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு (மாணவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 776) கட்டிவிட்டுத்தான் வந்து இறங்குகிறோம். பிறகு ஒரு நாள் மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் 9.90 பவுண்டு கேட்கிறார்கள். ‘அதான் ஏற்கெனவே மொத்தமாக வாங்கிக்கொண்டீர்களே’ என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் ஏற்பாடு அப்படி: ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் காசு இல்லை. மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தரும் மருந்துக்கும் இல்லை. வெளியே கடையில் வாங்கும் மருந்துக்கு உண்டு. அதுவும் இங்கிலாந்தில் மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ குடியேறுகிறவர்கள் இந்தக் கட்டுரையை ‘சீட்டே வேண்டாத மருந்துகள்’ என்ற பகுதியிலிருந்து படித்தால் போதும்.

2024 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள இந்த 9.90 மருந்தின் விலை அல்ல. சீட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தலா இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். சில்லறைக்குக் கிடைக்கும் மாத்திரையும் அதே கட்டணம், நூற்றுக்கணக்கில் விலை போகும் ஊசி மருந்தும் அதே கட்டணம். ஏழு மாத்திரை தந்தாலும் ஐம்பத்தாறு தந்தாலும் அதே. இங்கே பணத்தை மிச்சப்படுத்தும் வழிகளெல்லாம் இந்த ஒரு விநோதத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

நீங்கள் கட்ட வேண்டியவர்தானா?

16 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயது நிறைந்தவர்கள், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினர் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை. இது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து பன்னிரண்டு மாதம் வரை தாய்க்கும் இலவசம் என்பதும் தெரியும். ஆனால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அதை மருத்துவச்சியிடமோ ஜி.பி.யிடமோ கேட்டு வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கருத்தடை மருந்துகள் யாருக்கும் இலவசம்.

நம்மவர்கள் அதிகமாகக் கோட்டைவிடும் இடம் அடுத்தது. சில நோய்கள் இருந்தால் ஐந்து வருடத்துக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் தருகிறார்கள். தைராய்டு சுரப்பு குறைந்து தினமும் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தொடர்ந்து மருந்து தேவைப்படும் வலிப்பு நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. நம் குடும்பங்களில் தைராய்டும் சர்க்கரையும் எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பாருங்கள். சான்றிதழ் இருந்தால் தைராய்டு மாத்திரை மட்டும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். பல் வலிக்கு எழுதித்தரும் ஆன்டிபயாட்டிக் வரை, என்.ஹெச்.எஸ். (அரசின் பொது மருத்துவச் சேவை) சீட்டில் வருகிற எதற்கும் கட்ட வேண்டாம். ஜி.பி.யின் கிளினிக்கில் (இங்கே ‘சர்ஜரி’ என்பார்கள்) ‘எஃப்.பி. 92ஏ’ படிவம் கேளுங்கள்; நீங்கள் நிரப்பியதும் அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார்கள். யாரும் தாமாக முன்வந்து இதைச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். மருந்தாளுநர் எவ்வளவு நல்லவரானாலும், பின்னால் ஆறு பேர் நிற்கும் வரிசையில் உங்கள் நோய்க் கதையை விசாரிக்க அவருக்கு நேரம் இல்லை.

இதில் ஓர் அநியாயமும் உண்டு. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ஆஸ்துமா மூன்றும் பட்டியலில் இல்லை. வாழ்நாள் முழுக்க மருந்து எடுத்தாலும் கட்டத்தான் வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டிலேயே சர்க்கரையை வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு கிடையாது.

வருமானம் குறைவானவர்கள் என்.ஹெச்.எஸ். குறைந்த வருமானத் திட்டத்தில் கட்டண உதவி கேட்க ‘ஹெச்.சி. 1’ என்ற விண்ணப்பம் இருக்கிறது. மாணவர்களும் போடலாம். ‘அரசு உதவி பெறக் கூடாது’ என்று விசாவில் போட்டிருக்கிறதே என்று பயந்து பலர் இதைத் தொடுவதில்லை, ஆனால் இந்தத் திட்டம் அந்தத் தடைப்பட்டியலில் வராது.

ஒரே ஓர் எச்சரிக்கை. சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன் ‘எனக்கு இலவசம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். பின்னால் சரிபார்த்து, கட்டாத தொகையோடு 100 பவுண்டு வரை அபராதமும் சேர்த்துக் கடிதம் அனுப்புவார்கள். சந்தேகம் இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு, கட்டும்போதே ‘எஃப்.பி. 57’ ரசீது கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். அடுத்த நாள் போய்க் கேட்டால் அந்த ரசீதைத் தரமாட்டார்கள்.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால்

முன்பணச் சான்றிதழ் ஒன்று விற்கிறார்கள்: மூன்று மாதத்துக்கு 32.05, ஒரு வருடத்துக்கு 114.50 பவுண்டு. அதை வாங்கிவிட்டால் அந்தக் காலத்தில் எத்தனை மருந்து வாங்கினாலும் தனியாகக் கட்ட வேண்டாம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் பத்துத் தவணையாக வங்கிக் கணக்கிலிருந்து 11.45 பிடிக்கச் சொல்லலாம்.

ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் என்று இரண்டு மாத்திரை எடுக்கும் ஐம்பது வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். 28 நாளைக்கு ஒரு முறை வாங்கினால் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை, இருபத்தாறு கட்டணம், ஆக 257.40 பவுண்டு. சான்றிதழ் எடுத்தால் 114.50தான். அவர் வருடாவருடம் கூடுதலாகக் கொடுத்துவரும் 142.90 பவுண்டை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அவருக்கு இரண்டு மாத்திரைக்குப் பதில் ஒன்றுதான் என்றால் கணக்கு மாறும். 28 நாளுக்கு ஒரு முறை வாங்கினால் 128.70, சான்றிதழில் லாபம் சொற்பம். அவர் செய்ய வேண்டியது வேறு: உடல்நிலை நிலையாக இருக்கும்போது, 56 நாளைக்கான அளவை ஒரே சீட்டில் எழுதித்தர முடியுமா என்று ஜி.பி.யிடம் கேட்க வேண்டும். கட்டணம் மாத்திரைக்கு அல்ல, மருந்துக்குத்தான் என்பதால் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். எல்லா மருத்துவர்களும் சம்மதிக்கமாட்டார்கள். சில மருந்துகளுக்குச் சம்மதிக்கவும் கூடாது. கேட்பதில் நஷ்டமில்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மருந்துகளுக்கு மட்டும் தனிச் சான்றிதழ் இருக்கிறது. வருடத்துக்கே 19.80 பவுண்டுதான். நம் பெண்கள் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது குறைவு என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சீட்டே வேண்டாத மருந்துகள்

தலைவலி, சளி, மகரந்த ஒவ்வாமை, நெஞ்செரிச்சல் போன்றவற்றுக்கு ஜி.பி.யிடம் போனால், ‘கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். 2018 முதல் அவர்களுக்கு அப்படித்தான் வழிகாட்டுதல். எழுதித் தந்தாலும் உங்களுக்குத்தான் நஷ்டம். சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பவுண்டுக்கும் குறைவாகக் கிடைக்கும் பாராசிட்டமாலுக்கு எதற்கு 9.90?

எதை எடுப்பது என்பதில்தான் பணம் போகிறது. விளம்பரத்தில் வரும் பெயரும், கடையின் சொந்தப் பெயரில் மேல்தட்டிலோ கீழ்த்தட்டிலோ ஒதுங்கிக் கிடக்கும் சாதாரணப் பெட்டியும் பல சமயம் ஒரே மருந்துதான். பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் படியுங்கள்: ‘ஐபுப்ரோஃபென் 200 மி.கி.’ என்று இரண்டிலும் இருந்தால் விலை குறைந்ததை எடுக்கலாம். இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பெட்டியில் ‘பி.எல்.’ என்று தொடங்கும் உரிம எண் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு பெட்டியிலும் ஒரே எண் என்றால் உள்ளே இருப்பது ஒரே உரிமத்தில் வந்த மருந்து.

முதுகு வலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டி விற்பார்கள். மாத்திரைக்கு எந்த இடம் வலிக்கிறது என்று தெரியாது. ஆஸ்திரேலியாவில் நியூரோஃபென் நான்கு வகை வலிக்கு நான்கு பெட்டியில் ஒரே மருந்தை, அதுவும் கூடுதல் விலைக்கு விற்றது. 2016 டிசம்பரில் நீதிமன்றம் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

சளி, காய்ச்சலுக்கு வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் பொடிகளில் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதைக் குடித்துவிட்டுத் தனியாக இரண்டு பாராசிட்டமாலும் போட்டால் பணமும் இரட்டிப்பு, அளவும் இரட்டிப்பு. இந்த இரண்டாவது, கல்லீரலுக்கு ஆபத்து. கடைகளில் ஒரு நேரத்தில் இரண்டு பெட்டிக்கு மேல் தரமாட்டார்கள். அதற்கும் இதே காரணம்தான். வாக்குவாதம் வேண்டாம்.

மருந்தாளுநரையே நேராகப் பார்ப்பதும் ஒரு வழி. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ‘ஃபார்மசி ஃபர்ஸ்ட்’ திட்டத்தில் தொண்டை வலி, சைனஸ், பிள்ளைகளின் காது வலி, சீழ்ப்பிடித்த பூச்சிக்கடி, இம்பெடைகோ என்னும் தோல் தொற்று, அக்கி, பெண்களின் எளிய சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் அவரே பார்த்து, தேவையானால் ஆன்டிபயாட்டிக்கும் தரலாம். வயது வரம்புகள் உண்டு. பார்ப்பதற்குக் காசு இல்லை. மருந்துக்கு வழக்கமான 9.90, விலக்கு இருந்தால் அதுவும் இல்லை.

ஊரிலிருந்து கொண்டுவருவது

தொடர்ந்து எடுக்கும் மருந்தை மூன்று மாதத்துக்குள் முடியும் அளவு கொண்டுவாருங்கள், அதற்குள் ஜி.பி.யிடம் பதிவு செய்துவிடலாம். மருத்துவர் கடிதத்தில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் இங்கே பயன் குறைவு. ‘தைரோநார்ம்’ என்பதை ‘லெவோதைராக்ஸின்’ என்றும், ‘கிளைகோமெட்’ என்பதை ‘மெட்ஃபார்மின்’ என்றும், மைக்ரோகிராமோ மில்லிகிராமோ, சரியான அளவோடு எழுதி வாங்குங்கள். டோலோ 650 பழகியவர்களுக்கு ஒன்று: இங்கே கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் மாத்திரை 500 மி.கி.

ஆன்டிபயாட்டிக் பட்டைகளைப் பெட்டி நிறைய அடைத்துவருவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஊரில் கடைக்காரர் நான்கு மாத்திரையைக் கத்தரித்துத் தந்த பழக்கம் அது. டிரமடால், அல்பிரஸோலம், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருத்துவர் கடிதம் இல்லாமல் விமான நிலையத்தில் இறங்காதீர்கள். மூன்று மாத அளவோ அதற்கு மேலோ என்றால் தனி உரிமம் தேவை.

வார இறுதியில் தொடர் மருந்து தீர்ந்துபோனால் அவசரப் பிரிவில் போய் உட்கார வேண்டாம். இங்கிலாந்தில் என்.ஹெச்.எஸ்.ஸின் 111 இணையதளத்தில் அவசர மருந்து கேட்டால், பக்கத்து மருந்துக்கடைக்கு அனுப்பிவைப்பார்கள். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டென்றால் 9.90 கணக்கு செல்லாது. விலை கடைக்குக் கடை மாறும், ஆகவே இரண்டு மூன்று கடைக்குப் போன் செய்து விலை கேட்ட பிறகே சீட்டைக் கொடுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் கடை எதுவானாலும், அது பொது மருந்தக மன்றத்தின் (General Pharmaceutical Council) பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.