கதவு சென்சார், ஸ்மார்ட் பூட்டுக்கு சார்ஜ் செல் போடுவது எப்படி?

முதலில் மூடியைத் திறந்து என்ன செல் என்று பாருங்கள். டபுள் ஏ, டிரிபிள் ஏ என்றால் மாற்றலாம். சிஆர்2032 பட்டன் செல், சிஆர்123ஏ என்றால் வேண்டாம். அவை 3 வோல்ட். அதே அளவில் விற்கும் லித்தியம் அயான் சார்ஜ் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட் வரை போகும், போர்டு கருகலாம்.

வாங்க வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 'ரெடி டு யூஸ்' அல்லது 'ப்ரீ சார்ஜ்டு' என்று அச்சிட்டது. டபுள் ஏ 2000, டிரிபிள் ஏ 750 மில்லி ஆம்பியர் அவர் (mAh, செல்லின் கொள்ளளவு) போதும். 2700 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்சார் இழுப்பதே கொஞ்சம்தான். அந்த மாதிரி செல் சும்மா கிடந்தே சில மாதத்தில் இறங்கிவிடும்.

சார்ஜர்தான் முக்கியம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்துவதாக இருக்கட்டும். 500 மில்லி ஆம்பியரில் 2000 mAh செல் ஒன்று ஏற நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். மலிவான டைமர் சார்ஜர் கரண்ட் போய் வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணும். நிறைந்த செல்லையே வேகவைக்கும். கரூர், ஈரோட்டுப் பக்கம் சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் சார்ஜ் போடாதீர்கள். சூட்டில் சார்ஜும் சரியாக ஏறாது, ஆயுளும் குறையும்.

ஒரே சமயத்தில் வாங்கியவற்றை ஜோடியாக்கி, மார்க்கரில் எண்ணும் மாதமும் எழுதுங்கள். புதுசும் பழசும் கலந்தால் இளைத்தது முதலில் காலியாகும். மற்றது அதன் வழியே கரண்டைத் தள்ளித் தலைகீழாக்கிக் கெடுக்கும்.

இனி, செல் எவ்வளவு மீதி என்று காட்டும் போன் ஆப். சாதா அல்கலைன் செல் 1.5 வோல்ட், இது 1.2. பல சென்சார்கள் வோல்டேஜை வைத்தே சதவீதம் கணக்கிடுவதால், முழு சார்ஜிலும் 60, 70 என்று காட்டலாம். அங்கேயே மாதக்கணக்கில் நின்று, திடீரென்று விழும். செட்டிங்கில் செல் வகை இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் மல்டிமீட்டரை நம்புங்கள்: கழற்றி வைத்த செல் 1.2-க்குக் கீழே வந்தால் சார்ஜுக்கு எடுக்கலாம்.

இதனால்தான் பல பூட்டுகளின் கையேட்டில் சார்ஜ் செல் கூடாது என்றிருக்கும். நாலு செல்லும் ஒன்றாக விழும்போது எச்சரிக்கை பிந்தி வரும், கதவு திறக்காது. அப்படி எழுதியிருந்தால் அல்கலைனே போடுங்கள். ஆள் எப்போதாவது வந்துபோகும் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) எந்த செல் போட்டாலும், அது தீர்ந்தால் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துத் திறக்க, வெளிப்பக்கம் 9 வோல்ட் முனையோ டைப்-சி துளையோ உள்ள பூட்டாகப் பார்த்து மாட்டுங்கள்.