சமூக நீதி அறக்கட்டளையிடம் முதல்முறையாக நிதி கேட்பது எப்படி?

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வாக்குரிமை, குடியிருப்பு உரிமை, சிறைச் சீர்திருத்தம் என்று பாடுபடும் சின்னச் சின்னக் குழுக்கள் ஏராளம். அப்படி ஒன்றில் நீங்களும் இருந்தால், "நிதி கேட்டு விண்ணப்பம் போடணும், நீங்க எழுதிக் கொடுங்களேன்" என்று ஒருநாள் அந்த வேலை உங்கள் தலையில் வந்து விழும். தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் சேரவேண்டிய குழுக்கள் பல, எழுத ஆள் இல்லாததால்தான் கேட்காமலே இருக்கின்றன.

படி 1: எல்லையைப் பாருங்கள்

வட்டார அறக்கட்டளைகள் எந்தப் பகுதிக்குப் பணம் தருவோம் என்பதில் கறாரானவை. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் இரண்டு அறக்கட்டளைகள் இருக்கின்றன. இரண்டுமே ரெனால்ட்ஸ் புகையிலைக் குடும்பத்துச் சொத்தில் பிறந்தவை. 1936இல் தொடங்கிய இசட். ஸ்மித் ரெனால்ட்ஸ் அறக்கட்டளை வட கரோலினாவுக்கு மட்டும் தருகிறது. 1953இல் தொடங்கிய மேரி ரெனால்ட்ஸ் பாப்காக் அறக்கட்டளை தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றுக்கும் தருகிறது. உங்கள் குழு அலபாமாவில் இருந்தால் முதலாவதின் வாசலில் நின்று பயனில்லை.

படி 2: படிவம் 990-பிஎஃப்பைப் படியுங்கள்

அறக்கட்டளையின் இணையதளம் தன் நோக்கத்தை அழகாகச் சொல்லும். பணம் உண்மையில் யாருக்குப் போனது என்பதை இந்தப் படிவம் சொல்லும். தனியார் அறக்கட்டளைகள் எல்லாம் ஆண்டுதோறும் இதை வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் தாக்கல் செய்கின்றன. யாரும் பார்க்கலாம். ஐஆர்எஸ் தேடல் பக்கத்திலோ புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்திலோ பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். பக்கங்கள் பல இருக்கும், மிரள வேண்டாம். நமக்கு வேண்டியவை நாலு இடம்தான்.

முதலில், ஒரு சின்னக் கட்டம். 'முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறோம், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் குறி போட்டிருந்தால் நேரே விண்ணப்பம் அனுப்பாதீர்கள். அறிமுகம் செய்துவைக்க ஆள் கிடைத்தால் பார்க்கலாம்.

அடுத்து, நிதி பெற்றவர்களின் பட்டியல். பெயர், நோக்கம், தொகை மூன்றும் இருக்கும். இதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் குழு அளவிலான குழுக்கள் இருக்கின்றனவா, அல்லது பல்கலைக்கழகங்களும் பெரிய அமைப்புகளும் மட்டும்தானா? சிறிய குழுக்களுக்கு வழக்கமாக எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்? நீங்கள் கேட்கவேண்டிய தொகை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு குழுவைத் தொடர்ந்து தாங்குகிறார்களா, ஒருமுறை கொடுத்துவிட்டு விலகுகிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, சொத்து மதிப்பு. தனியார் அறக்கட்டளைகள் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். 10 கோடி டாலர் வைத்திருந்தால் ஏறக்குறைய 50 லட்சம். அதில் அவர்களுடைய நிர்வாகச் செலவின் ஒரு பகுதியும் அடங்கும். நான்காவது, அறங்காவலர் பெயர்கள். உங்கள் குழுவில் யாருக்காவது அவர்களில் ஒருவரைத் தெரிந்திருக்கலாம்.

பொதுமக்களிடம் நிதி திரட்டித் தரும் அமைப்புகள் இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்வதில்லை. அவற்றுக்குச் சாதாரண 990. நிதி பெற்றவர்கள் பட்டியல் அதன் 'ஐ' அட்டவணையில் இருக்கும்.

படி 3: பதிவு

உங்கள் குழுவுக்கு 501(சி)(3) தகுதி, அதாவது வரிவிலக்குள்ள அறப்பணி அமைப்பு என்ற அங்கீகாரம், இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அந்தத் தகுதியுள்ள இன்னோர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கலாம். அதற்குச் சிறு கட்டணம் எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: வாக்காளர் பதிவு வேலையா? கவனம்

1967இல் ஃபோர்டு அறக்கட்டளை ஒஹாயோவின் கிளீவ்லாந்து நகரில், இனச் சமத்துவத்துக்காகப் போராடிய கோர் (CORE) அமைப்புக்கு நிதி கொடுத்தது. கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்யும் பணியும் அதில் இருந்தது. அதே ஆண்டு கார்ல் ஸ்டோக்ஸ் அந்த நகரத்தின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு பெருநகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின மேயர்களில் ஒருவர் அவர். வாஷிங்டனில் பலருக்கு இது பொறுக்கவில்லை. 1969 வரிச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்டது. வாக்காளர் பதிவுக்கென்றே ஒதுக்கித் தரும் பணம், கட்சி சாராமல், ஒரே தேர்தலோடு முடியாமல், குறைந்தது ஐந்து மாநிலங்களில் வேலை செய்யும் அமைப்புக்குத்தான் போகலாம். வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

எனவே ஒரே கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) வேலை செய்யும் குழு, 'வாக்காளர் பதிவுக்காக' என்று தலைப்பிட்டுத் தனியார் அறக்கட்டளையிடம் கேட்கக்கூடாது. அவர்களுக்கு மனமிருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். குழுவின் பொதுச் செலவுக்கு நிதி கேளுங்கள், எதற்கென்று பிரித்து ஒதுக்காமல். சட்டமியற்றுபவர்களிடம் ஆதரவு திரட்டும் வேலைக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 5: எழுதுவது

எழுதும் முன், விண்ணப்பங்களைப் பார்க்கும் அறக்கட்டளையின் திட்ட அலுவலரிடம் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். பொருந்தாது என்றால் அப்போதே சொல்லிவிடுவார்.

'எங்கள் பகுதி மக்களின் உரிமைகளை உறுதிசெய்து அவர்களை மேம்படுத்துவோம்' என்று எழுதாதீர்கள். இதை யாரும் எழுதலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

'வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் நடக்கும் நாட்களில் எங்கள் உறுப்பினர்கள் இருவர் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள். வழக்கறிஞர் இல்லாமல் வருபவர்களிடம் பேசி, இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அழைத்துப்போகிறார்கள். எங்கள் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முடிவெடுப்பது பாதிக்கப்பட்டவர்களா, அவர்களுக்காகப் பேசுபவர்களா என்று நல்ல சமூக நீதி அறக்கட்டளை கட்டாயம் பார்க்கும். பார்க்கவும் வேண்டும். 1957இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், கறுப்பினப் பெரியவர்கள் வாக்காளராகப் பதிவு செய்ய எழுதப்படிக்கக் கற்றுத்தரும் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியபோது, பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் ஓர் அழகுக்கலைஞர். படித்தவர்கள் மேலே நின்று சொல்லித்தந்து, கற்க வந்தவர்களைத் தாழ்த்திப் பார்க்கும் முறை அங்கே இல்லை. என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களிடமே கேட்டார். பெயர் எழுத, பைபிள் படிக்க, மணியார்டர் நிரப்ப என்று பதில் வந்தது. அங்கிருந்து தொடங்கி, வாக்குரிமைக்கு மாநிலம் வைத்திருந்த எழுத்தறிவுச் சோதனை வரை கொண்டுபோனார். அந்தப் பணிக்கு, டென்னசியில் சமூகப் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளி வழியாக எமில் ஷ்வார்ட்ஸ்ஹாப்ட் அறக்கட்டளையின் பணம் உதவியது.

படி 6: பட்ஜெட்

ஒரு பக்கம் போதும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். வாடகை, கணக்காளர் கட்டணம், கூட்டத்துக்கு வருபவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு எல்லாமே நியாயமான செலவுதான். வேறு யாரிடமெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் போடுங்கள்.

படி 7: பதில் வந்த பிறகு

கிடைத்தால், அறிக்கை கேட்கும் தேதிகளை அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நடக்காமல் போனதையும் அறிக்கையில் எழுதலாம். கிடைக்காவிட்டால், ஒரு வாரம் விட்டு அதே திட்ட அலுவலரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எது பொருந்தவில்லை, அடுத்த சுற்று எப்போது? அப்புறம், எங்களைப் போன்ற குழுக்களுக்குத் தரும் வேறு அறக்கட்டளை ஏதாவது உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.