மாமல்லபுரத்தில் ஒரு சனி, ஞாயிறு: குடும்பத்தோடு எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்?

முதன்முறை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனபோது அறையைத்தான் முதலில் பிடித்தேன். படத்தில் நீச்சல் குளம், அதன் பின்னால் கடல். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்து ஊர் ஆறு கிலோமீட்டர் தள்ளி என்று. இரவு ஒன்பது மணிக்கு அம்மா கேட்டது ஒரு கிண்ணம் தயிர் சாதம். அங்கே பஃபே மட்டும்தான், அதற்கும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. சின்னவள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். யாருக்கு என்ன சாப்பாடு என்று முதலில் பார்க்கிறேன். அதை வைத்து எந்தப் பக்கம் தங்குவது என்று முடிவு செய்கிறேன். விடுதியின் பெயர் கடைசியில்தான். முதல் தடவை போகிறவர்களுக்காக அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: நாளைக் குறியுங்கள்

சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று தோன்றும். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். கூட்டத்தில் குழந்தையின் கையை விடவே முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நாட்டிய விழா நடக்கும். அப்போது அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதைப் பற்றி நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 2: மூன்று பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஊருக்குள் தங்குவதென்றால் ஒத்தவாடைத் தெருவும் அதன் குறுக்குத் தெருவும்தான். சின்னச் சின்ன தங்கும் விடுதிகள், கீழே மீன் உணவகங்கள், நடுநடுவே சிற்பக் கடைகள். தெரு முனைக்குப் போனால் கடல். பசித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும். குறையும் உண்டு. பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், இரவு பத்து மணி வரை தெருவில் சத்தம் ஓயாது. முட்டி வலி உள்ளவர்கள் கூட வந்தால் தரைத்தள அறை இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கிழக்கு ராஜ வீதியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதிகளும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இரண்டாவது, ஊருக்குச் சற்று வடக்கே, கோவளம் சாலைப் பக்கம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி இங்கேதான் இருக்கிறது. மரங்கள் நிறைந்த பெரிய வளாகம். பிள்ளைகள் ஓடி ஆட இடம் உண்டு, ஊரும் ஆட்டோ தூரம்தான். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போனால் இந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நெடுக இருக்கும் ரிசார்ட்டுகள். குளம், புல்வெளி எல்லாம் அருமையாக இருக்கும். ஆனால் மூன்று வேளையும் அவர்கள் வைத்ததுதான் சாப்பாடு. கார் இருந்தால் பரவாயில்லை.

படி 3: விடுதிக்குப் போன் போடுங்கள்

செயலியில் பதிவு செய்தாலும் நேரில் பேசுவது நல்லது. காலை டிஃபன் வாடகையில் சேர்த்தியா, எத்தனை பேருக்கு? எத்தனை வயது வரை குழந்தைக்குப் பணம் இல்லை? கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு? அறை 24 மணி நேரக் கணக்கா, இல்லை பகல் 12 மணிக்குத் தருவார்களா? கையில் பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் இரவில் வெந்நீர் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சனிக்கிழமை வாடகை வார நாள் வாடகையைவிடக் கூடுதலாக இருக்கும், அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரியைப் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் 18. உங்களுக்குச் சொல்கிற வாடகை வரியோடு சேர்த்தா, தனியா என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்துப் போக வேண்டும்.

படி 4: மதியம் மீன், இரவு லேசாக

சனிக்கிழமை மதியம்தான் மீனுக்கு நல்ல நேரம். விடியற்காலை கரைக்கு வந்த மீன் அப்போது புதிதாக இருக்கும், குழந்தைகளுக்கும் தூக்கம் வராது. ஒத்தவாடைத் தெருவில் மூன்ரேக்கர்ஸ் பல வருடமாகப் பெயர் பெற்ற உணவகம். அக்கம்பக்கத்திலும் நிறைய உண்டு. பல இடங்களில் ஒரு தட்டில் மீனை அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். வெட்கப்படாமல் பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் வேண்டாம். கண் தெளிவாக, கொஞ்சம் புடைத்து நிற்க வேண்டும். விரலால் சதையை அழுத்தினால் குழி விழாமல் மேலே வர வேண்டும். என் மாமியார் முகர்ந்தும் பார்ப்பார். கடல் வாசம் மட்டும்தான் வரவேண்டும் என்பார்.

அப்புறம் விலை. எடை போட்டபின் ‘மொத்தம் எவ்வளவு, சமைக்கும் கூலி இதிலேயே சேர்த்தியா’ என்று அடுப்பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு முள் குறைவான வஞ்சிரம் துண்டு, காரம் கம்மியாக. பெரியவர்களுக்கு முழு சங்கரா பொரித்தது, கூடவே நெத்திலி வறுவல், இறால் தொக்கு.

தடைக்காலத்தில் போனால் பெரிய வஞ்சிரத்தைத் தேடாதீர்கள். அந்த நாட்களில் அது பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். கரையோரம் போகும் சின்னப் படகுகள் கொண்டுவரும் பொடி மீனைக் கேட்டு வாங்குங்கள்.

இரவுக்குக் கிழக்கு ராஜ வீதிக்குப் போங்கள். அங்கே மாமல்லா ஹெரிடேஜ் விடுதியில் சைவ உணவகம் உண்டு. சுற்றிலும் சாதாரண டிஃபன் கடைகளும் இருக்கின்றன. இட்லி, தோசை, தயிர் சாதம் இருந்தால் வயதானவர்களுக்கும் நிம்மதி, மதியம் இறால் தின்ற வயிற்றுக்கும் நிம்மதி.

படி 5: ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில்

ஊருக்குள் தங்கியதன் பலன் இங்கேதான் தெரியும். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கோயில்; 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். கிழக்கே கடலிலிருந்து எழும் வெயில் முதலில் விமானத்தின் உச்சியில்தான் படும், பிறகு மெல்ல மெல்ல நந்திகளின் மேல் இறங்கும். உப்புக் காற்று அரித்த கல்லில் அந்த வெளிச்சம் விழும்போது என் மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அதே நாளில் ஐந்து ரதங்களுக்கும் செல்லும். எட்டரைக்குள் இரண்டையும் முடித்துவிட்டு டிஃபனுக்கு உட்காரலாம்.

இங்கே கடலில் குளிக்க விடாதீர்கள், காலை நனைப்பதோடு சரி. கரை சட்டென்று ஆழமாகும், அலை உள்ளே இழுக்கும். பிள்ளைகள் தண்ணீரில் ஆடியே தீருவோம் என்றால் திரும்பும் வழியில் கோவளத்தில் நிறுத்துங்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கடற்கரை அது. குளிக்கத் தனிப்பகுதி, உயிர்காப்பாளர்கள், உடை மாற்ற அறை எல்லாம் உண்டு.

படி 6: போவதும் திரும்புவதும்

சென்னையிலிருந்து பேருந்தில் போகிறவர்கள் ஏறும்போதே ‘ஊருக்குள் போகுமா’ என்று நடத்துனரிடம் கேளுங்கள். புதுச்சேரி வண்டிகள் பல புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடும், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். திரும்பும்போது, காரில் வந்தவர்களுக்கு வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வழியிலேயே இருக்கிறது. 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது, பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. ஞாயிறு சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள், இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே ஒரு ரசம் வைத்து முடித்துக்கொள்ளலாம்.