தந்தியை இறக்காமலே கிடார் ஃப்ரெட்டைச் சமன் செய்வது எப்படி?

காசிமேட்டில் கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான். என் அக்கூஸ்டிக் கிடாரின் தொல்லை வேறு. இரண்டாவது தந்தியை 8, 9-ஆவது ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் ஜிர்ர்ரென்று ஓர் இரைச்சல். ராயபுரத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கும்போது மைக்கில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது.

முதலில் வழக்கமான முறையில்தான் செய்தேன். தந்திகளைக் கழற்றி, நெக்குக்குள் (கிடாரின் கழுத்துக்குள்) ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகி நெக்கை நேராக்கி, ஃப்ரெட்டுகளின் மேல் மார்க்கர் பூசித் தேய்த்தேன். எல்லா ஃப்ரெட்டிலும் மை ஒரே சீராக அழிந்தது, அதாவது எல்லாம் ஒரே உயரம். தந்தி ஏற்றியதும் அதே இடத்தில் அதே இரைச்சல். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது.

12-53 செட்டின் (மெல்லிய தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, தடித்தது 53 பங்கு) ஆறு தந்திகளும் சேர்ந்து நெக்கைச் சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. மரம் அந்த இழுப்புக்கு ஒரே சீராக வளைவதில்லை. இளகிய இடத்தில் அதிகமாகவும் உறுதியான இடத்தில் குறைவாகவும் வளைகிறது. உடம்போடு சேரும் 14-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ட்ரஸ் ராடின் பிடியே இல்லை. தந்தி இல்லாமல் நேராக்கிய நெக் ஒரு வடிவம், தந்தி ஏறிய நெக் வேறொரு வடிவம். வாசிப்பது இரண்டாவதில் என்றால், தேய்ப்பதும் அதில்தான் இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

டி வடிவ அலுமினியச் சட்டம் 40 செ.மீ.: ஜன்னல் வேலை செய்யும் கடைகளில் துண்டாகவே கிடைக்கும். 20 மி.மீ. உயரமும் 1.5 மி.மீ. கனமும் போதும். அடித்தகட்டை மட்டும் 12 மி.மீ. அகலத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை இசைக்கருவிக் கடையில் தேடாதீர்கள். டேப்பெட் சரிபார்க்க பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே தகட்டுக் கொத்துதான். உதிரிபாகக் கடையில் மலிவு. 320, 400 உப்புத்தாள், இரட்டைப் பக்க டேப், மாஸ்கிங் டேப், மார்க்கர், ட்ரஸ் ராடைத் திருக அலன் கீ.

அலுமினியச் சட்டம் கடையிலிருந்து வரும்போது நேராக இருக்காது. தடிமனான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டி, சட்டத்தின் அடியில் மார்க்கர் பூசி, மை முழுதும் அழியும்வரை தேயுங்கள். இதில் அவசரப்பட்டால் சட்டத்தின் கோணல் அப்படியே ஃப்ரெட்டுக்குப் போய்விடும்.

வேலை

தந்தி மாற்றவும் ட்யூன் செய்யவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆடும் ஃப்ரெட் இருந்தால் முதலில் பசை விட்டு அழுத்தி உறுதியாக்குங்கள். ஃப்ரெட்டின் உயரம் ஏற்கெனவே 0.7 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் தேய்க்க வேண்டாம், புது ஃப்ரெட் போடுவதுதான் நல்லது.

நீங்கள் எப்போதும் போடும் அதே அளவில் பழைய செட்டை ஏற்றுங்கள். புது செட்டில் கீறல் விழ வேண்டாம். நட்டை (தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் காடியுள்ள துண்டு) ஒட்டி, தந்திகளுக்கு அடியில் 4 மி.மீ. உயர மரக்குச்சி ஒன்றைச் செருகுங்கள். சட்டம் நுழைய இடம் வேண்டுமே. குச்சி ஏறியதும் சுருதி கூடியிருக்கும், மறுபடி ட்யூன் செய்யுங்கள். அப்புறம் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, நெக்கை முடிந்தவரை நேராக்குங்கள். வலஞ்சுழியாகத் திருகினால், தந்தி இழுப்பால் வரும் முன்வளைவு குறையும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் சுருதி பாருங்கள். ராடு கனமாக எதிர்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

என்னை நெடுநாள் குழப்பியது அடுத்த கட்டம். கிடாரை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைப்பக்கம் துணிச்சுருள் கொடுத்துத் தேய்த்தேன். தலையில் முட்டு இருக்கும்போது கையால் அழுத்தினால் நெக்கின் நடுப்பகுதி கீழே இறங்குகிறது. அங்கே உப்புத்தாள் சரியாகப் பிடிப்பதில்லை. கையை எடுத்ததும் நெக் மேலே வருகிறது, நடு ஃப்ரெட்டுகள் மேடாகவே நின்றுவிடுகின்றன. என் 9-ஆவது ஃப்ரெட்டின் கதை அதுதான். மடியில் வாசிக்கும் நிலையில் வைத்தபோது, தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜின் 0.2 மி.மீ. தகடு இறுக்கமாக நின்றது. மேசையில் அதே தகடு வழுக்கிக்கொண்டு போனது. அதனால் கிடாரை மடியில் நிமிர்த்தி, நெக்கை எதன்மேலும் சாய்க்காமல் தேயுங்கள்.

சட்டத்தின் அடியில் 320 தாளை ஒட்டி, நிமிர்ந்த தகடு இரண்டு தந்திகளுக்கு நடுவில் வருமாறு உள்ளே விடுங்கள். ஃப்ரெட் பலகையை மாஸ்கிங் டேப்பால் மூடி, ஃப்ரெட்டுகளில் மார்க்கர் பூசியிருக்க வேண்டும். இரண்டு, மூன்று செ.மீ. நீளத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் தள்ளுங்கள். சட்டத்தின் எடையே போதும், கை வழிகாட்டினால் சரி. பத்துத் தள்ளலுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எனக்கு 7-ஆவதிலும் 10-ஆவதிலும் மை மின்னி மறைந்தது. 8-ஆவதில் அப்படியே கறுப்பாக நின்றது. அந்தப் பள்ளத்தின் மையும் லேசாகத் தொடப்படும்வரைதான் தேய்க்க வேண்டும், அதற்கு மேல் ஒரு தள்ளலும் வேண்டாம். ஐந்து இடைவெளிகளிலும், இரண்டு ஓரங்களிலும் இதையே செய்து, 400 தாளில் முடியுங்கள்.

மீதியைத் தந்தி கழற்றிச் செய்யலாம். தட்டையான ஃப்ரெட்டின் முதுகை வளைக்க கிரவுனிங் அரம் வாங்குங்கள். மூலைகளை மழுக்கிய முக்கோண அரத்தாலும் முடியும், ஆனால் பழகாத கைக்கு அது பலகையைக் கீறிவிடும். நடுவில் மயிரிழை அளவு மார்க்கர் கோடு மிஞ்ச வேண்டும். பிறகு 600, 1000, 2000 வாட்டர் பேப்பர். கடைசியில் குச்சியை எடுத்துவிட்டுப் புதுத் தந்தி ஏற்றுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, 14-ஆவதை அழுத்தி, 7-ஆவதில் 0.2 தகடு உரசிக்கொண்டு நுழையும் அளவுக்கு ராடைத் தளர்த்துங்கள்.

பிற்சேர்க்கை

எலெக்ட்ரிக் கிடாருக்கும் இது சரிப்படுமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக. குச்சிக்குப் பதிலாக, உடம்புப் பக்கம் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜையே உயர்த்திக்கொள்ளலாம். பாலிஷுக்கு இரும்பு நார் மட்டும் வேண்டாம், அதன் துகள் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி, இதே முறையில் செய்தும் இரண்டு மாதத்தில் இரைச்சல் திரும்பிவிட்டது என்று எழுதினார். விசாரித்ததில், கிடாரை இரவும் பகலும் ஏசி அறையில் தொங்கவிட்டிருக்கிறார். அந்த உலர்ந்த காற்றில் மரம் சுருங்கித் தந்தி தாழ்ந்துவிட்டது. உப்புத்தாளை எடுக்க வேண்டாம் தம்பி, முதலில் 0.2 தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் ராடை இடப்பக்கம் கால் சுற்று தளர்த்தி, ஒருநாள் விட்டு மறுபடி அளந்து எழுதுங்கள்.